சாவி இல்லாமல் ஒருமுறை தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைவில் இருக்கும் சர்வருக்குள் கடவுச்சொல் இல்லாமல், சாவி வைத்து எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள எந்திரத்தோடு பாதுகாப்பாக இணைக்கும் புரோகிராம்) வழியாக நுழைவது எப்படி என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் தமிழில் பொறுமையாக எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் முதலில் நன்றி. சாவி ஜோடியை (நம்மிடமே இருக்கும் தனிச்சாவி, சர்வருக்குக் கொடுக்கும் பொதுச்சாவி என்ற இரண்டு ஃபைல்களை) உருவாக்குவது, பொதுச்சாவியைச் சர்வரில் கொண்டுபோய் வைப்பது, பிறகு நுழைந்து பார்ப்பது, எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்று கடைசி வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே வரியை நானும் நம்பியிருந்தேன், கடைசியில் ஒரு சர்வரையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டி வந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரிய சர்வர் ஒன்றும் இல்லை, ஒரு வலைத்தளமும் அதன் டேட்டாபேஸும் ஓடுகிற சாதாரண லினக்ஸ் எந்திரம். சாவி உருவாக்கினேன், பொதுச்சாவியை ஏற்றினேன், எஸ்எஸ்எச்சின் அமைப்பு ஃபைலான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கைத் திறந்து, கடவுச்சொல் வழியை மூடுவதற்காக பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் என்ற வரியில் நோ என்று எழுதினேன், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், புது ஜன்னல் திறந்து நுழைந்தேன், கடவுச்சொல் கேட்கவில்லை, சரி என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சில வாரம் கழித்து வலைத்தளம் நகரவே மாட்டேன் என்கிறது என்று புகார் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பிராசசர் மொத்தத்தையும் ஒரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது, கிரிப்டோ நாணயம் தோண்டுகிற புரோகிராம், அதுவும் டெஸ்ட் என்ற கணக்கின் பெயரில் ஓடுகிறது. உடன் வேலை செய்த ஒருவர் எப்போதோ ஏதோ சோதனைக்காகத் திறந்த கணக்கு அது. கடவுச்சொல்லும் டெஸ்ட்தான்.

யார் யார் நுழைய முயன்றார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் லாகைத் திறந்தேன். எஸ்எஸ்எச் லாகைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன், இணையத்தில் நேராகத் தெரிகிற சர்வர் எதுவானாலும் அதன் 22-ஆம் போர்ட்டை, அதாவது எஸ்எஸ்எச்சுக்கான வாசலை, கொஞ்ச நேரத்திலேயே யாராவது தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆள் உட்கார்ந்து தட்டுவதில்லை, புரோகிராம்கள் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும். ஃபெயில்ட் பாஸ்வேர்ட் ஃபார் இன்வேலிட் யூசர் அட்மின், அடுத்த வரியில் ஆரக்கிள், அடுத்ததில் போஸ்ட்கிரெஸ், அப்புறம் உபுண்டு, கிட், பை, கெஸ்ட் என்று பக்கம் பக்கமாக ஓடும். அப்படி ஓடிக்கொண்டிருந்த வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி வேறு மாதிரி தொடங்கியது: அக்செப்டட் பாஸ்வேர்ட் ஃபார் டெஸ்ட். அக்செப்டட் என்பதைவிட அடுத்த சொல்தான் என்னை உலுக்கியது. பாஸ்வேர்ட். நான் மூடிவிட்டேன் என்று நினைத்த வழி. சாவியில் நுழைந்திருந்தால் அந்த இடத்தில் பப்ளிக்கீ என்று இருக்க வேண்டும்.

நோ என்று எழுதிய வரி ஃபைலில் நான் எழுதிய மாதிரியே இருந்தது. அப்படியானால் எப்படி? தேடித் தேடிக் கண்டுபிடித்தது இது. சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில், 2020-இல் வந்த 8.2 பதிப்பு முதல் சர்வரின் அமைப்பு ஃபைலுக்குள் இன்க்ளூட் என்ற வரியை எழுதி வேறு ஃபைல்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லலாம். பல லினக்ஸ் வகைகளில் அந்த வரி ஃபைலின் தலையிலேயே இருக்கிறது, அது எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை இழுத்து வருகிறது. சர்வரை முதன்முதலில் நிறுவிய கருவி அந்த ஃபோல்டரில் ஒரு ஃபைலைப் போட்டு வைத்திருந்தது, உள்ளே ஒரே வரி, பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் யெஸ். நாம் என்ன நினைப்போம், பின்னால் எழுதியதுதான் செல்லும் என்று. சர்வரில் இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்எச்டி புரோகிராம் அப்படிப் பார்ப்பதில்லை, ஒரு அமைப்புக்கு முதலில் எந்த மதிப்பைப் படிக்கிறதோ அதுவே நிற்கும், பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. தலையில் இருந்த யெஸ் செல்லுபடியானது, கீழே நான் எழுதிய நோ வெறும் எழுத்தாகக் கிடந்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

இதில் நான் செய்த தவறு அமைப்பு ஃபைல் விஷயம் மட்டும் என்றால் கடிதம் எழுத வேண்டியதில்லை, அதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள். நான் சோதித்துப் பார்த்த விதமே தவறு. என்னால் நுழைய முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது, முடியத்தானே செய்யும், என்னிடம் சாவி இருக்கிறதே! என்னைப் போன்றவன் உள்ளே வருவதற்காகவா இத்தனை ஏற்பாடு? சாவி இல்லாதவன் வெளியே நிற்க வேண்டும் என்பதற்காக. அப்படியானால் சாவி இல்லாதவனாக நானே ஒருமுறை போய்த் தட்டிப் பார்த்திருக்க வேண்டும், அதைத்தான் செய்யவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்க்கிறோம் இல்லையா, அந்த இழுப்புதான் உங்கள் கட்டுரையிலும் விட்டுப்போனது.

அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எஸ்எஸ்எச் கட்டளையோடு சிறிய ஓ போட்டு பப்கீஆதென்டிகேஷன்=நோ (-o PubkeyAuthentication=no) என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்து உங்கள் சர்வருக்கே போங்கள். என் சாவியைக் காட்டாதே என்று உங்கள் எந்திரத்துக்கே நீங்கள் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். எல்லாம் சரியாக மூடியிருந்தால் பெர்மிஷன் டினைட் என்று வரும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பப்ளிக்கீ என்ற ஒரே சொல் இருக்கும். அந்த அடைப்புக்குறியை நிதானமாகப் படியுங்கள், இந்தச் சர்வர் எந்தெந்த வழியில் ஆளை உள்ளே விடத் தயாராக இருக்கிறது என்ற பட்டியல் அது. கடவுச்சொல் கேட்டு நின்றாலோ, அந்தப் பட்டியலில் பாஸ்வேர்ட் என்றோ கீபோர்ட்-இன்டராக்டிவ் என்றோ ஒரு சொல் கூடுதலாக இருந்தாலோ வழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது. இரண்டாவது சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷனை நோ ஆக்கினாலும் கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் யெஸ் என்று இருந்தால், லினக்ஸில் ஆளைச் சரிபார்க்கும் பாம் (PAM) என்ற அமைப்பு வழியாக அதே கடவுச்சொல்லை வேறு வாசலில் கேட்டு உள்ளே விட்டுவிடும். பழைய ஃபைல்களில் இதற்குச் சேலஞ்ச்ரெஸ்பான்ஸ்ஆதென்டிகேஷன் என்று பெயர். பாஸ்வேர்ட், கீபோர்ட்-இன்டராக்டிவ் இரண்டையும் மூட வேண்டும்.

சர்வர் பக்கம் இருந்தும் பார்க்கலாம். ரூட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) அனுமதியோடு எஸ்எஸ்எச்டி என்று தட்டி ஒரு கோடும் பெரிய எழுத்து டியும் (sshd -T) சேர்த்தால், எல்லா ஃபைலையும் படித்து முடித்த பிறகு உண்மையில் எந்த மதிப்பு நிற்கிறது என்று முழுப் பட்டியலையும் காட்டும். ஃபைலில் நாம் என்ன எழுதினோம் என்பதை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு இது தெரிந்திருந்தால் டெஸ்ட் கணக்கைப் பிடித்த ஆள் வாசலோடு திரும்பிப் போயிருப்பான்.

இன்னொன்று, இதுவும் அதே கதைதான். பொதுச்சாவி சர்வரில் ஆதரைஸ்ட்_கீஸ் என்ற ஃபைலில் போய் உட்காருகிறது. அது இருக்கும் ஃபோல்டருக்கு 700, ஃபைலுக்கு 600 என்று, அதாவது சொந்தக்காரர் மட்டும் தொடலாம் என்று, அனுமதி வைக்கச் சொல்லியிருந்தீர்கள், நல்லது. ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டரிலேயே மற்றவர் எழுதலாம் என்று அனுமதி இருந்தால் அப்போதும் சர்வர் அந்தச் சாவியை ஏற்காது. மற்றவர் எழுதக்கூடிய இடத்தில் வைத்த பூட்டை எப்படி நம்புவது என்று அது கேட்கிறது, நியாயமான கேள்வி. சிக்கல் என்னவென்றால் ஏற்கவில்லை என்பதை உங்களிடம் சொல்லாது. சத்தமே இல்லாமல் அடுத்த வழிக்கு, அதாவது கடவுச்சொல்லுக்குத் தாவிவிடும். கடவுச்சொல் கேட்கும், பழக்கதோஷத்தில் அடித்துவிட்டு உள்ளே போய்விடுவோம். சாவி வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் கடவுச்சொல்லிலேயே போய்வந்த ஒருவரை எனக்குத் தெரியும், சர்வர் கேட்பது சாவியின் கடவுச்சொல் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சர்வர் லாகில் பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் என்று காரணம் தெளிவாக எழுதியிருந்தது, யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. எஸ்எஸ்எச் கட்டளையோடு சிறிய வி சேர்த்துப் போனால் எந்த முறையில் நுழைந்தீர்கள் என்று கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிடும், எப்போதாவது அப்படிப் போய்ப் பாருங்கள்.

கடவுச்சொல்லையே நீளமாக, கடினமாக வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்கும் புரோகிராமை வைத்துக் கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதெல்லாம் தொலைவு எந்திரத்துக்குள் நுழைய டெல்நெட், ஆர்லாகின் என்ற பழைய புரோகிராம்களின் காலம், நாம் அடிக்கும் கடவுச்சொல் அப்படியே வெற்று எழுத்தாகக் கம்பியில் ஓடும். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து இலோனன் அதைப் பார்த்துவிட்டு எழுதியதுதான் எஸ்எஸ்எச். ஃபைல் அனுப்பும் எஃப்டிபிக்கு போர்ட் 21, டெல்நெட்டுக்கு 23, இரண்டுக்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழு ஓப்பன்எஸ்எஸ்எச்சை வெளியிட்டது, இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் ஓடுவது அதுதான்.

ஆக, கம்பியில் ஒட்டுக்கேட்பது அன்றைக்கே தீர்ந்துவிட்டது. ஆனால் எஸ்எஸ்எச்சிலும் நீங்கள் கடவுச்சொல் அடித்தால் அது மறைகுறியாக்கப்பட்ட குழாய் வழியாகப் பத்திரமாகப் போய் மறுமுனையில் இருக்கும் சர்வரின் கையில் முழுசாகச் சேருகிறது. அந்தச் சர்வரை ஏற்கெனவே யாராவது பிடித்திருந்தாலோ, சர்வர் மாதிரி வேறு யாராவது நடித்தாலோ, கடவுச்சொல் எத்தனை நீளமாக இருந்தும் பயன் இல்லை, அவர்கள் கையில் நாமே கொடுத்துவிட்டோம். சாவியில் அப்படி ரகசியம் எதுவும் பயணப்படுவதில்லை. ஒவ்வொரு முறை இணையும்போதும் அந்த இணைப்புக்கென்று தனி அடையாளம் ஒன்று இரண்டு பக்கமும் சேர்ந்து உருவாகும், உங்கள் எந்திரம் தனிச்சாவியைக் கொண்டு அதன் மேல் கையெழுத்துப் போட்டு அனுப்பும், சர்வர் தன்னிடம் இருக்கும் பொதுச்சாவியால் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும். அந்தக் கையெழுத்தை யாராவது எடுத்துவைத்துக்கொண்டாலும் அடுத்த இணைப்பில் அடையாளம் மாறியிருக்கும், அதனால் உதவாது. நீளமான கடவுச்சொல்லோடு இதை ஒப்பிடுவதே சரியில்லை, வேலை செய்கிற விதமே வேறு.

இங்கே சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பப்ளிக் கீ, பிரைவேட் கீ, இரண்டிலும் கீ. நீங்கள் எழுதியது போலப் பொதுச்சாவி, தனிச்சாவி என்றாலும் இரண்டிலும் சாவி. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் குழம்புகிறது. நான் சொல்லிக்கொடுக்கும்போது பொதுச்சாவியைப் பூட்டு என்றே சொல்கிறேன். உங்கள் பூட்டை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், எத்தனை கதவில் வேண்டுமானாலும் மாட்டட்டும், திறக்கும் சாவி உங்களிடம் மட்டும். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் உங்கள் பொதுச்சாவியை மெயிலில் அனுப்புங்கள் என்றேன். வந்த ஃபைலைத் திறந்தால் முதல் வரியில் பிகின் ஓப்பன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ என்று இருக்கிறது. அவர் மேல் தப்பில்லை, ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல், ஒன்றின் கடைசியில் மட்டும் பப் என்று ஒட்டியிருக்கும், அது இல்லாததுதான் அசல் ஃபைல் என்று நினைத்து அனுப்பிவிட்டார். அந்த ஜோடியை அப்போதே தூக்கி எறியச் சொன்னேன். மெயிலை அழித்துவிட்டால் போதாதா என்று கேட்டார். போதாது, வெளியே போய்விட்ட தனிச்சாவி எத்தனை இடத்தில் பிரதியாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புது ஜோடி உருவாக்க அரை நிமிடம் ஆகாது.

கண்ணால் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். எட்25519 (ed25519) என்ற வகைப் பொதுச்சாவி என்றால் ஒரே வரி, வகையின் பெயர், அப்புறம் 68 எழுத்து, கடைசியில் ஒரு குறிப்பு. பல வரிகளாக, மேலும் கீழும் கோடு போட்ட தலைப்போடு இருந்தால் அது தனிச்சாவி, எந்திரத்தை விட்டு வெளியே போகக் கூடாதது. கடைசியில் வரும் அந்தக் குறிப்பைச் சும்மா விடாதீர்கள், யாருடைய சாவி, எந்த லேப்டாப், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். ஒரு குழுவில் ஐந்து பேர் ஒரே தனிச்சாவியைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். ஆளுக்கு ஒன்று, எந்திரத்துக்கு ஒன்று. ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ லேப்டாப் தொலைந்தாலோ ஆதரைஸ்ட்_கீஸ் ஃபைலில் அந்த ஒரு வரியை அழித்தால் முடிந்தது, மற்ற நாலு பேருக்கு எதுவும் மாறாது. குறிப்பு எழுதாத சாவிகள் இருபது வரி சேர்ந்துவிட்டால் எதை அழிப்பது என்று யாருக்கும் தைரியம் வராது, அப்படியே விட்டுவிடுவார்கள், விட்டதில் எது யாருடையதோ.

சாவி உருவாக்கும்போது பாஸ்ஃபிரேஸ் கேட்கும், எளிதாக இருக்க வெறும் என்டர் தட்டுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதில் எனக்கு உடன்பாடே இல்லை. பாஸ்ஃபிரேஸ் இல்லாத தனிச்சாவி என்பது ஒரு ஃபைல், அதைப் பிரதி எடுத்தவன் நீங்களாகிவிடுவான். பாஸ்ஃபிரேஸ் சர்வருக்குப் போவதில்லை, உங்கள் எந்திரத்தில் இருக்கும் அந்த ஃபைலைத் திறக்க மட்டும்தான். ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டுமே என்ற கவலைக்கு, திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் இருக்கிறது, காலையில் ஒருமுறை அடித்தால் அன்றைக்குப் போதும். ஆனால் ஏஜென்டை அடுத்த சர்வருக்கும் கூட்டிப்போகும் ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை எல்லா இடத்திலும் திறந்து வைக்காதீர்கள், நடுவில் இருக்கும் சர்வரின் ரூட் கையில் இருப்பவர், நீங்கள் இணைந்திருக்கும் நேரம் முழுக்க உங்கள் சாவியைக் கொண்டு கையெழுத்து வாங்க முடியும். ஒரு சர்வர் வழியாக இன்னொன்றுக்குப் போக வேண்டியிருந்தால் பிராக்சிஜம்ப் இருக்கிறது, அதில் சாவியின் வேலை முழுவதும் உங்கள் லேப்டாப்பிலேயே நடக்கும்.

இரவில் தானாக ஓடும் பேக்கப் போன்ற வேலைக்குப் பாஸ்ஃபிரேஸ் வைக்க முடியாது, உண்மைதான். அதற்குத் தனியாக ஒரு ஜோடி போட்டு, ஆதரைஸ்ட்_கீஸில் அந்தச் சாவியின் வரித் தொடக்கத்தில் ரெஸ்ட்ரிக்ட் என்றும், எந்தக் கட்டளை மட்டும் ஓடலாம் என்றும் எழுதிவிடுங்கள். சாவி திருட்டுப் போனாலும் அந்த ஒரு வேலைக்கு மேல் செய்ய முடியாது.

கடவுச்சொல் வழியை ஏன் பலர் மூடாமல் விடுகிறார்கள் என்றால் பயம். மூடிவிட்டுச் சாவியும் வேலை செய்யவில்லை என்றால் நாமே வெளியே நிற்போமே என்ற பயம். இது நியாயமான பயம், இரவு இரண்டு மணிக்கு அப்படி நின்றவர்களுக்குத் தெரியும். அதனால் வரிசை முக்கியம். உள்ளே இருக்கும் ஜன்னலை மூடவே மூடாதீர்கள், வேலை முடியும்வரை அது அப்படியே இருக்கட்டும். அமைப்பை மாற்றியதும் எஸ்எஸ்எச்டியைச் சிறிய டி போட்டு (sshd -t) ஓட்டினால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சொல்லும், அதற்குப் பிறகுதான் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே இணைந்திருக்கும் ஜன்னல் அறுந்துபோகாது. இரண்டாவது ஜன்னலில் சாவியோடு நுழைந்து பாருங்கள், மூன்றாவதில் சாவி இல்லாமல் தட்டிப் பாருங்கள். இரண்டாவது உள்ளே போய், மூன்றாவது வெளியே நின்றால் மட்டும் முதல் ஜன்னலை மூடலாம். சர்வரைத் தருகிற நிறுவனத்தின் பக்கத்தில் கன்சோல் என்று ஒன்று இருக்கும், நெட்வொர்க்கை நம்பாமல் நேராகத் திரைக்குப் போகும் வழி, அது திறக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை சர்வருக்குப் போகும்போது ஒரு கைரேகையை, அதாவது சர்வரின் சொந்தச் சாவியைச் சுருக்கிக் காட்டும் எழுத்து வரிசையை, காட்டி, இதை நம்பலாமா என்று கேட்கும், எல்லோரும் யெஸ் அடித்துவிடுகிறோம். உங்கள் கட்டுரையும் யெஸ் அடியுங்கள் என்று ஒரு வரியில் கடந்துவிட்டது. சர்வர் உங்களைச் சரிபார்ப்பது போல நீங்கள் சர்வரைச் சரிபார்க்கும் ஒரே இடம் அது. கன்சோலில் போய் சர்வரின் கைரேகையைப் பார்த்து, எஸ்எச்ஏ256 என்று தொடங்கும் அந்த வரியோடு ஒப்பிட்டுவிட்டு அடியுங்கள். பிறகு என்றைக்காவது ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹாஸ் சேஞ்ச்ட் என்று பெரிய எழுத்தில் கத்தினால், உங்கள் எந்திரம் சேமித்து வைத்திருக்கும் அந்தச் சர்வரின் பழைய வரியை அழித்துவிட்டு மேலே போகாமல் ஏன் மாறியது என்று கேளுங்கள். 2023 மார்ச்சில், டெவலப்பர்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ வகைச் சர்வர் சாவி தவறுதலாகப் பொதுவில் சிறிது நேரம் தெரிந்துவிட்டதால் அவர்கள் அதை மாற்றினார்கள், உலகம் முழுக்க டெவலப்பர்களின் திரையில் இந்த எச்சரிக்கை வந்தது. காரணத்தையும் புதிய கைரேகையையும் கிட்ஹப்பே வெளியிட்டிருந்தது, ஒப்பிட்டுப் பார்த்து மாற்றியவர்கள் சரியாகச் செய்தார்கள்.

எந்த வகைச் சாவி என்ற கேள்விக்கு இன்றைக்கு எட்25519 என்று சொல்லிவிடலாம், சிறியது, வேகமானது, 2014 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இருக்கிறது, 2023-இல் வந்த 9.5 முதல் வகை குறிப்பிடாமல் உருவாக்கினாலே அதுதான் வரும். பழைய டிஎஸ்ஏ வகை 2025-இல் வந்த 10.0-இல் முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் வகை சரியாக இருந்தாலும் சாவியை உருவாக்கிய புரோகிராமிலும், அதைப் பயன்படுத்துகிற புரோகிராமிலும் கோளாறு இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. 2008 மே மாதம் டெபியன் லினக்ஸ் குழு வெளியிட்ட ஒரு அறிவிப்பு இன்றும் பாடம். சாவி உருவாக்கத் தற்செயல் எண்களைத் தரும் அவர்களுடைய ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2006-இல் செய்த ஒரு திருத்தத்தால் தற்செயல் எண்கள் தற்செயலாகவே இல்லாமல் போய்விட்டன, ஓடும் புரோகிராமுக்குக் கிடைக்கும் புராசஸ் எண் ஒன்றுதான் மாறிக்கொண்டிருந்தது. அதனால் ஒரே வகை எந்திரத்தில் ஒரே வகை, ஒரே நீளச் சாவி என்றால் மொத்தமே 32,767 சாவிகள்தான், எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கிவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்! விண்டோஸில் பலர் பயன்படுத்தும் புட்டி என்ற எஸ்எஸ்எச் புரோகிராமில் 2024 ஏப்ரலில் ஒரு குறை வெளிவந்தது. 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில், என்ஐஎஸ்டி பி-521 வகைச் சாவியால் போட்ட சுமார் 60 கையெழுத்துகள் கிடைத்தால் தனிச்சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். 0.81-க்கு மாறினால் மட்டும் போதாது, அந்த வகைச் சாவியை எல்லாச் சர்வரிலிருந்தும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அந்த வகை வைத்திருந்து இன்னும் மாற்றாதவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள்.

போர்ட் எண்ணை 22-லிருந்து வேறு எதற்காவது மாற்றினால் பாதுகாப்பு என்று ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. லாகில் சத்தம் குறையும், மாற்றுவதில் தவறில்லை. கடவுச்சொல் வழி திறந்திருந்தால் வேறு எண்ணிலும் தேடி வருவார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு அதன்படி செய்கிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள், மாணவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தில் சிறிய திருத்தமாகவாவது இதைப் போடுங்கள்: சாவியோடு நுழைந்த பிறகு, உள்ளே இருக்கும் ஜன்னலை மூடாமல், பப்கீஆதென்டிகேஷன்=நோ என்று சேர்த்து இன்னொரு ஜன்னலில் தட்டிப் பாருங்கள், பெர்மிஷன் டினைட் என்பதற்குப் பக்கத்தில் பப்ளிக்கீ என்ற ஒரு சொல் மட்டும் வரும்வரை வேலை முடியவில்லை.

நன்றி.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பில் இருக்கும் உங்கள் வாசகர்